கூட்டு மருந்து எடுப்பவர்களும் புற்றுநோய் வைரஸ்களும்: காவிரி டெல்டாவிலிருந்து ஒரு விளக்கம்

2008ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசை மூன்று பேர் பகிர்ந்துகொண்டார்கள். ஒரு பாதி ஜெர்மனியின் ஹரால்ட் சூர் ஹவுசனுக்கு. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணம் எச்.பி.வி. என்ற வைரஸ் என்று காட்டியவர் அவர். மறுபாதி, எச்.ஐ.வி.யைக் கண்டுபிடித்த பிரெஞ்சு ஆய்வாளர்கள் பிரான்சுவாஸ் பாரே-சினூசிக்கும் லுக் மொந்தாஞியேவுக்கும். இரண்டு வைரஸ்களைப் பற்றியும் ஒரே மேடையில் பேசினார்கள்.

நம் பக்கம் அப்படி இல்லை. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை என்று எந்த ஊரை எடுத்தாலும் இரண்டுக்கும் வெவ்வேறு வாசல்தான். எச்.ஐ.வி.யை அடக்கும் கூட்டு மருந்து வாங்க, அதற்கென்றே உள்ள ஏ.ஆர்.டி. மையம். கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனைக்கு வேறு அறை, வேறு சீட்டு, வேறு வரிசை. மாத்திரைக்காகத் தவறாமல் வருகிற பெண் அந்த இன்னொரு வரிசையில் போய் நிற்பதில்லை. நிற்கச் சொல்லி யாரும் வற்புறுத்துவதும் இல்லை. எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு வரும் புற்றுநோய்களில் தடுத்திருக்கக் கூடியவை இத்தனை பேருக்கு ஏன் வருகின்றன என்று கேட்டால், முதல் காரணமாக நான் இந்த இரண்டு வரிசைகளைத்தான் சொல்வேன்.

சென்னையில் 1986இல் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி டாக்டர் செல்லப்பன் நிர்மலாவும் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டறிந்தபோது மருந்து என்று சொல்ல ஒன்றும் கையில் இல்லை. அரசு 2004 ஏப்ரலில் இலவசக் கூட்டு மருந்தைத் தொடங்கியது. ஆரம்பத்தில் அளவு பார்த்து, அதாவது எதிர்ப்பு சக்தியை நடத்தும் சி.டி.4 செல்களின் எண்ணிக்கை ரத்தத்தில் மிகவும் இறங்கிய பிறகுதான் கொடுத்தார்கள். 2017 முதல் தொற்று உறுதியானதுமே மருந்து. இப்போது பெரும்பாலோருக்கு டெனோபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூன்றும் சேர்ந்த ஒரே மாத்திரை, தினம் ஒரு வேளை. 2005இல் முப்பத்தைந்து வயதில் மருந்து ஆரம்பித்தவர் இன்று பேரன் பேத்தியோடு இருக்கிறார். இது சாதாரண வெற்றி அல்ல. ஆனால் ஆயுள் நீண்டதும், பத்து இருபது வருடம் காத்திருந்து வரக்கூடிய நோய்களுக்கும் நேரம் கிடைத்துவிட்டது. புற்றுநோய் அவற்றில் ஒன்று.

எச்.ஐ.வி. நேராகச் செய்வதில்லை

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். புற்றுநோயை உண்டாக்கும் காரணிகளின் முதல் பிரிவில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு எச்.ஐ.வி.யையும் சேர்த்திருக்கிறது. ஆனால் எச்.ஐ.வி. ஒரு செல்லுக்குள் புகுந்து அதைப் புற்றாக மாற்றுவதில்லை. அந்த வேலையைச் செய்பவை வேறு வைரஸ்கள்: எச்.பி.வி., எப்ஸ்டீன்-பார், ஹெச்.ஹெச்.வி.-8, ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி. இவற்றில் சில எச்.ஐ.வி. இல்லாதவர்களிடமும் பரவலாக இருப்பவை. எப்ஸ்டீன்-பார் வைரஸ் உலகில் பத்தில் ஒன்பது பெரியவர்களின் உடம்பில் வாழ்நாள் முழுக்கத் தங்கியிருக்கிறது. பெரும்பாலோருக்கு ஒரு தொந்தரவும் கொடுப்பதில்லை.

டெல்டாக்காரர்களுக்கு இதை வரப்பை வைத்துச் சொல்லலாம். வயல் வரப்பில் நண்டு வளை போடாத நாள் இல்லை. தினமும் மண்வெட்டியோடு வரப்பைச் சுற்றி வருகிற ஆள் இருந்தால் வளையைப் பார்த்ததும் மிதித்து அடைத்துவிட்டுப் போவார். அந்த ஆளை ஊரைவிட்டு அனுப்பிவிட்டால் நண்டு அதே நண்டுதான், வளையும் அதே வளைதான். ஆனால் ஒரு நாள் வரப்பு உடையும். எச்.ஐ.வி. செய்வது வரப்பு சுற்றுகிற ஆளை அகற்றும் வேலை. சி.டி.4 செல்கள் குறைந்துபோனால், வைரஸ் புகுந்த செல்களைத் தேடி அழிக்கும் மற்ற அணுக்களுக்கும் கட்டளையிட ஆள் இல்லாமல் போகிறது.

எச்.பி.வி.யை எடுத்துக்கொண்டால் கணக்கு தெளிவாகத் தெரியும். தாம்பத்திய வாழ்க்கைக்குள் வந்த பெரும்பாலான ஆண் பெண்களுக்கு என்றாவது ஒரு நாள் இது தொற்றத்தான் செய்கிறது. எதிர்ப்பு சக்தி சரியாக இருந்தால் பத்துத் தொற்றுகளில் ஒன்பது இரண்டு வருடத்துக்குள் தானாக மறைந்துவிடும். மறையாமல் தங்குவதுதான் ஆபத்து. தங்கிய வைரஸ் இ6, இ7 என்ற இரண்டு புரதங்களைச் செய்கிறது. செல் கண்டபடி பெருகாமல் தடுப்பதற்கு நம் உடம்பில் பி53, ஆர்.பி. என்று இரண்டு காவல் புரதங்கள் உண்டு. இ6 முதலாவதை அழிக்கிறது, இ7 இரண்டாவதைச் செயலிழக்க வைக்கிறது. அதற்கப்புறமும் உடனே புற்று வந்துவிடாது. சாதாரணமாக 15 முதல் 20 வருடம் ஆகும். எச்.ஐ.வி. இருந்து மருந்து எடுக்காதவர்களுக்கு அதே பயணம் 5 முதல் 10 வருடத்தில் முடிந்துவிடலாம்.

மருந்து எடுத்தால்? பெரிய வித்தியாசம் இருக்கிறது. 2015இல் முடிவு வெளியான ஸ்டார்ட் என்ற பன்னாட்டு ஆய்வில் 4,685 பேர் கலந்துகொண்டார்கள். எல்லோருக்கும் சி.டி.4 எண்ணிக்கை 500க்கு மேல். உடனே மருந்து ஆரம்பித்த பிரிவில், தள்ளிப்போட்ட பிரிவைவிட, தொற்றால் வரும் புற்றுநோய்கள் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்காகக் குறைந்திருந்தன. ஆகவே புற்றுநோய்த் தடுப்பில் முதல் மருந்து அந்த ஒரு மாத்திரைதான். ஆனால் அந்த மாத்திரை எச்.பி.வி.யைக் கொல்வதில்லை. ‘வைரல் லோடு (ரத்தத்தில் உள்ள எச்.ஐ.வி.யின் அளவு) கண்டறிய முடியாத அளவு’ என்று ரிப்போர்ட்டில் வந்தால் உடலுறவு மூலம் எச்.ஐ.வி. அடுத்தவருக்குப் பரவாது, அந்தச் சந்தோஷம் நியாயமானது. கர்ப்பப்பை வாயில் ஏற்கெனவே மாறத் தொடங்கிய செல்களைப் பற்றி அந்த ரிப்போர்ட் எதையும் சொல்லவில்லை. நிறைய பேர் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள், படித்தவர்கள் உட்பட.

பாடப்புத்தகத்தில் முதலில் வருவது இங்கே முதலில் வருவதில்லை

இணையத்தில் ‘எய்ட்ஸ், புற்றுநோய்’ என்று தேடினால் தோலில் கருஊதா நிறத் திட்டுகள் உள்ள படங்கள் வரும். அது கபோசி சர்கோமா. வியன்னாவில் மோரிட்ஸ் கபோசி என்ற தோல் மருத்துவர் 1872இல் விவரித்தது. வயதானவர்களுக்கு எப்போதாவது வருவதாக அறியப்பட்டிருந்த அந்த நோய், 1981இல் அமெரிக்காவில் இளைஞர்களிடம் திடீரென்று தென்பட்டது. எய்ட்ஸ் என்ற ஒன்று இருப்பதை உலகுக்குக் காட்டிய முதல் தடயங்களில் அதுவும் ஒன்று. அதற்குக் காரணமான ஹெச்.ஹெச்.வி.-8 வைரஸை 1994இல் யுவான் சாங், பேட்ரிக் மூர் தம்பதியர் கண்டுபிடித்தார்கள்.

அந்த வைரஸ் ஆப்பிரிக்காவின் பல பகுதிகளில் மிகப் பரவலாக இருக்கிறது, இந்தியாவில் குறைவு. அதனால் எச்.ஐ.வி. உள்ளவர்களிடம்கூட இங்கே கபோசி சர்கோமா அபூர்வம். படத்தைப் பார்த்துவிட்டு, கொசுக்கடித் தழும்பையும் தேமலையும் தடவிப் பார்த்துத் தூக்கம் தொலைக்க வேண்டியதில்லை. நம் ஊரில் கவனம் போக வேண்டிய இடங்கள் மூன்று: கர்ப்பப்பை வாய், கழுத்து அக்குளில் கட்டும் நெறி, கல்லீரல்.

கர்ப்பப்பை வாய்

எச்.ஐ.வி. உள்ள பெண்ணுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்று வரும் வாய்ப்பு மற்ற பெண்களைவிட ஆறு மடங்கு. உலகம் முழுவதையும் வைத்து எடுத்த கணக்கு இது. எய்ட்ஸ் நிலையைக் குறிக்கும் நோய்களின் பட்டியலில் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் இதை 1993இல்தான் சேர்த்தது. ஆண்களின் நோயாகவே எய்ட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்த காலம் அது. பெண்களுக்கு வருவதைக் கணக்கில் எடுக்கப் பன்னிரண்டு வருடம் ஆகியிருக்கிறது.

எச்.ஐ.வி.யை ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும் நிலைமை சின்னதல்ல. 2022ஆம் ஆண்டின் உலகக் கணிப்புப்படி இந்தியாவில் ஒரு வருடத்தில் சுமார் 1,27,000 பெண்களுக்கு இந்தப் புற்று புதிதாக வந்தது, ஏறக்குறைய 80,000 பேர் இறந்தார்கள். இதில் வயிற்றெரிச்சலான விஷயம், வருமுன் கண்டுபிடித்துத் தடுக்க எளிதான புற்றுகளில் இதுவும் ஒன்று. அந்த வித்தையைக் கற்றுக்கொள்ள நாம் வெளிநாடு போக வேண்டியதில்லை. திண்டுக்கல் மாவட்டத்தில் 30 முதல் 59 வயதுப் பெண்களிடம் நடத்தி, 2007இல் முடிவு வெளியான பெரிய ஆய்வில், வாழ்நாளில் ஒரே ஒரு முறை வினிகர் சோதனை செய்ததிலேயே கர்ப்பப்பை வாய்ப் புற்று 25 சதவீதமும் அதனால் வரும் சாவு 35 சதவீதமும் குறைந்தன. அதே 2007 வாக்கில் தமிழ்நாடு சுகாதாரத் திட்டம் மாநிலத்துக்கே முன்னோட்டமாக இந்தச் சோதனையை இரண்டு மாவட்டங்களில் தொடங்கியது. ஒன்று தேனி, மற்றொன்று நம் தஞ்சாவூர். பிறகுதான் மற்ற மாவட்டங்களுக்குப் போனது.

இவ்வளவு முன்னால் தொடங்கியும், 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வில், தமிழ்நாட்டின் 30 முதல் 49 வயதுப் பெண்களில் ஒரு முறையாவது இந்தச் சோதனை செய்துகொண்டவர்கள் 9.8 சதவீதம். நாட்டின் சராசரி 1.9 சதவீதம்தான் என்பதால் நாம் முன்னால் நிற்பதாகத் தெரியும். பத்தில் ஒன்பது பேர் செய்துகொள்ளவில்லை என்றும் அதே எண்ணைப் படிக்கலாம். எனக்கு இரண்டாவது வாசிப்புதான் சரியாகப் படுகிறது.

வினிகர் சோதனை என்பது இதுதான். நர்ஸ் ஒரு கருவியால் பாதையை விரித்து, நீர்த்த அசிட்டிக் அமிலத்தைக் கர்ப்பப்பை வாயில் தடவி, ஒரு நிமிடம் பொறுத்துப் பார்ப்பார். மாறுதல் உள்ள இடம் வெள்ளையாகத் தெரியும். அயோடின் தடவியும் பார்ப்பது உண்டு. வலி அதிகம் கிடையாது, கூச்சம்தான் அதிகம். மலிவு, முடிவும் அங்கேயே தெரிந்துவிடும். ஆனால் பார்ப்பவரின் கண்ணையும் பழக்கத்தையும் பொறுத்தது. மாதவிடாய் நின்ற பிறகு மாறுதல் நடக்கும் இடம் உள்ளே தள்ளிப்போய்விடுவதால் கண்ணுக்குச் சிக்காமலும் போகலாம்.

அதனால்தான் உலக சுகாதார நிறுவனம் 2021 வழிகாட்டியில் வைரஸையே தேடும் எச்.பி.வி. டி.என்.ஏ. சோதனையை முதலில் வைக்கிறது. எச்.ஐ.வி. உள்ள பெண்களுக்கு 25 வயதில் ஆரம்பித்து 3 முதல் 5 வருடத்துக்கு ஒரு முறை. மற்றவர்களுக்கு 30 வயதில் ஆரம்பித்து 5 முதல் 10 வருடத்துக்கு ஒரு முறை போதும். இந்தச் சோதனையில் எனக்குப் பிடித்த அம்சம் வேறு: மாதிரியைப் பெண் தானே எடுத்துக்கொள்ளலாம். மெல்லிய பிரஷ் ஒன்றை வாங்கிக்கொண்டு கழிவறைக்குப் போய் எடுத்து வந்து கொடுத்தால் போதும், யார் முன்னாலும் படுக்க வேண்டாம். ஏ.ஆர்.டி. மையத்தில் மாத்திரையோடு அந்த பிரஷையும் கொடுக்க ஆரம்பித்தால், முதலில் சொன்ன இரண்டாவது வரிசையே பாதிப் பேருக்குத் தேவைப்படாது. செலவு கூடும்தான். ஆனால் எச்.ஐ.வி. உள்ள பெண்கள் ஏற்கெனவே பதிவேட்டில் இருப்பவர்கள், தேதி தவறாமல் வருபவர்கள். எங்காவது தொடங்க வேண்டும் என்றால் இவர்களிடம்தான் தொடங்க வேண்டும்.

மாறுதல் ஆரம்ப நிலையில் இருந்தால் சிகிச்சையும் சின்னதுதான். குளிரூட்டி உறைய வைப்பார்கள், அல்லது சூடு வைத்துப் பொசுக்குவார்கள், அல்லது மின் கம்பி வளையத்தால் அந்த இடத்தை மட்டும் சீவி எடுப்பார்கள். ஆஸ்பத்திரியில் தங்க வேண்டியதில்லை. எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு மாறுதல் திரும்ப வருவது அதிகம் என்பதால் ஒரு வருடம் கழித்து மறுபடி பார்த்தே ஆக வேண்டும். இந்த மறுவருகைதான் கோட்டைவிடும் இடம்.

கோட்டைவிடுவதற்குக் காரணம் அறியாமை என்று மேடையில் சொல்வார்கள். டெல்டாவில் காலண்டரையும் பார்க்க வேண்டும். மேட்டூர் ஜூன் 12இல் திறந்தால் குறுவை நடவு, பிறகு களை. செப்டம்பர், அக்டோபரில் சம்பா, தாளடி நடவு. தை பிறந்தால் அறுவடை. அதோடு ஒட்டி உளுந்தும் பயறும். நடவுக்கும் களைக்கும் போகிற பெண்ணுக்கு ஆஸ்பத்திரியில் ஒரு நாள் என்றால் ஒரு நாள் கூலி போயிற்று. ஏற்கெனவே மாத்திரைக்காக ஒரு நாள் போகிறது, அதற்கே மேஸ்திரியிடம் ஒரு பொய் சொல்லிவிட்டு வருகிறார். இன்னொரு நாளுக்கு இன்னொரு பொய் வேண்டும். சோதனையை மாத்திரை வாங்கும் நாளிலேயே வைப்பது, முகாம் போடுவதென்றால் உளுந்து எடுத்து முடிந்த பிறகு, தண்ணீர் வருவதற்கு முன்னால் உள்ள கோடை வாரங்களில் போடுவது, இதெல்லாம் பெரிய திட்டமிடல் இல்லை.

‘எனக்குக் கர்ப்பப்பையையே எடுத்தாச்சு, எனக்கு எதுக்கு?’ என்று கேட்பவர்களும் நிறைய. நாற்பதைத் தாண்டுவதற்குள் எடுத்துவிட்டவர்கள் நம் ஊர்களில் கணிசம். எதற்காக எடுத்தார்கள், வாய்ப்பகுதியையும் சேர்த்து எடுத்தார்களா என்பதைப் பொறுத்து பதில் மாறும். புற்றுக்கு முந்தைய மாறுதலுக்காக எடுத்திருந்தால், மீதியிருக்கும் பிறப்புப் பாதையின் மேல்முனையைத் தொடர்ந்து பார்க்க வேண்டும். பழைய டிஸ்சார்ஜ் சீட்டைக் கொண்டுபோய் டாக்டரிடம் கேட்பது நல்லது.

இடையில் ரத்தக் கசிவு, உறவுக்குப் பின் ரத்தம், மாதவிடாய் நின்ற பிறகு திரும்ப ரத்தம், நாற்றத்தோடு வெள்ளைப்படுதல். இதில் ஏதாவது இருந்தால் சோதனைத் தேதிக்குக் காத்திருக்கக் கூடாது. சூடு என்று மோர் குடித்துச் சமாளிக்கிற விஷயமில்லை இது.

நெறி கட்டினால்

அடுத்தது நிணநீர்ப் புற்று, அதாவது லிம்போமா. இதற்குப் பின்னால் பல நேரம் இருப்பது எப்ஸ்டீன்-பார் வைரஸ். உகாண்டாவில் குழந்தைகளின் தாடையில் வளர்ந்த கட்டிகளை டெனிஸ் பர்கிட் என்ற அறுவை மருத்துவர் 1958இல் விவரித்தார். அந்தக் கட்டியிலிருந்து எடுத்த செல்களில்தான் எப்ஸ்டீன், அச்சாங், பார் மூவரும் 1964இல் இந்த வைரஸைப் பார்த்தார்கள். மனிதப் புற்றோடு தொடர்புடையதாகக் கண்டுபிடிக்கப்பட்ட முதல் வைரஸ் அது.

எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு லிம்போமா பல வேடங்களில் வரும். சி.டி.4 எண்ணிக்கை 50க்கும் கீழே போனவர்களுக்கு மூளையில் வருவது ஒரு வகை, ஏறக்குறைய எல்லாமே எப்ஸ்டீன்-பார் வேலை. பர்கிட் வகையோ சி.டி.4 ஓரளவு நன்றாக இருக்கும்போதே வரலாம். ‘எனக்குக் கவுன்ட் நல்லா இருக்கு’ என்பது இங்கே முழு உத்தரவாதம் ஆகாது.

நம் ஊரில் இதில் உள்ள சிக்கல் டி.பி. கழுத்தில் நெறி கட்டியிருக்கிறது, சாயங்காலம் காய்ச்சல், ராத்திரி வேர்வை, எடை குறைகிறது, பசியில்லை. எச்.ஐ.வி. உள்ள ஒருவர் இப்படி வந்தால் எந்த டாக்டருக்கும் முதலில் தோன்றுவது காசநோய்தான். தோன்றுவதில் தப்பில்லை, எச்.ஐ.வி. உள்ளவர்களை அதிகம் கொல்வது காசநோய்தான், பெரும்பாலான நேரம் அந்த ஊகம் சரியாகவும் இருக்கும். ஆனால் அதே காய்ச்சல், அதே வேர்வை, அதே எடைக் குறைவு லிம்போமாவிலும் அப்படியே வரும். ஊகத்தின் பேரில் ஆறு மாத டி.பி. மாத்திரை ஆரம்பித்து, நெறி சுருங்கக் காத்திருந்து, அது பெரிதாகிப் பெரிதாகி, கடைசியில் பயாப்சி எடுக்கும்போது லிம்போமா நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் போயிருக்கும். வேகமாக வளரும் லிம்போமாவில் வாரங்கள் முக்கியம், மாதங்களை விட்டுக்கொடுக்க முடியாது.

இதற்குச் சொல்லப்படும் வழி எளிது. ஊசி போட்டு உறிஞ்சிப் பார்க்கும் சோதனை ஆரம்பத்துக்குச் சரி. அதில் எடுத்ததைச் சிபிநாட் இயந்திரத்தில் போட்டு டி.பி. கிருமி இருக்கிறதா என்று பார்க்கலாம். கிருமி தெரியவில்லை, நெறி மட்டும் இருக்கிறது என்றால் ஒரு நெறியை முழுசாக வெட்டி எடுத்து பயாப்சிக்கு அனுப்ப வேண்டும். ஊசியில் வரும் சில செல்களை வைத்து எந்த வகை லிம்போமா என்று சொல்வது கடினம். வகை தெரியாமல் சிகிச்சை தொடங்கவும் முடியாது. டி.பி. மருந்து ஆரம்பித்து ஓரிரு மாதத்தில் நெறி சுருங்கவில்லை என்றாலும் இதே கேள்வியைத் திரும்ப எழுப்ப வேண்டும். இதிலும் ஒரு விதிவிலக்கு உண்டு. புதிதாகக் கூட்டு மருந்து ஆரம்பித்தவர்களுக்கு எதிர்ப்பு சக்தி திரும்பும் வேகத்தில், பழைய டி.பி. நெறியே சில வாரம் வீங்கிக் காட்டும். அது நல்ல அறிகுறியின் கெட்ட தோற்றம். எது எது என்று பிரிக்கத்தான் பயாப்சி.

நோயாளியோ கூட வருகிறவரோ கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: ‘சார், இது டி.பி.ன்னு சோதனையில வந்துச்சா, இல்ல பாத்து சொல்றீங்களா?’ இதைக் கேட்டால் கோபித்துக்கொள்ளும் டாக்டர்களும் இருக்கிறார்கள். கேட்டுத்தான் ஆக வேண்டும்.

கல்லீரல்

ஹெபடைடிஸ் பி கல்லீரலில் நிரந்தரமாகத் தங்கினால் சுருக்கமும் புற்றும் வரலாம். சுருக்கம் வராமலே நேராகப் புற்று வருவதும் உண்டு, ஏனென்றால் இந்த வைரஸ் தன் மரபுத் துண்டுகளை நம் செல்லின் மரபுச் சரத்துக்குள்ளேயே செருகிவிடுகிறது. எச்.ஐ.வி.யும் சேர்ந்திருந்தால் எல்லாம் வேகமாக நடக்கும்.

இதில் ஓர் அதிர்ஷ்டம் இருக்கிறது. இன்றைய கூட்டு மாத்திரையில் உள்ள டெனோபோவிரும் லாமிவுடினும் ஹெபடைடிஸ் பி-யையும் அடக்கும். ஒரே மாத்திரையில் இரண்டு வேலை. அதிர்ஷ்டத்தின் மறுபக்கம்: மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் எச்.ஐ.வி. மட்டும் கிளம்பாது, ஹெபடைடிஸ் பி-யும் சேர்ந்து கிளம்பும், சில சமயம் கல்லீரலையே கவிழ்க்கும் அளவுக்கு. சிங்கப்பூர், வளைகுடா என்று வேலைக்குப் போகிறவர்கள், அங்கே மாத்திரையோடு பிடிபட்டுவிடுவோமோ என்று பயந்து நிறுத்திவிடுவது தெரிந்த கதைதான். ஹெபடைடிஸ் பி இருப்பவருக்கு அது இரட்டை ஆபத்து.

கண் மஞ்சளானால் கீழாநெல்லி என்பது நம் கை வைத்தியம். அதை நவீன மருத்துவம் திரும்பிப் பார்க்காமல் இல்லை. ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டறிந்து 1976இல் நோபல் வாங்கிய பாரூக் ப்ளும்பர்க்கும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜனும் சேர்ந்து கீழாநெல்லியை ஆராய்ந்தார்கள். 1988இல் லான்செட் இதழில் வந்த முடிவு, மருந்து எடுத்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோரின் ரத்தத்தில் வைரஸின் அடையாளம் மறைந்ததாகச் சொன்னது. பெரிய பரபரப்பு. ஆனால் பிறகு வேறு இடங்களில் செய்த சோதனைகளில் அந்த அளவு பலன் திரும்பக் கிடைக்கவில்லை. மஞ்சள் காமாலைக்காக அரைத்துக் குடிப்பவரை நான் தடுக்கப் போவதில்லை. அதை நம்பி மாத்திரையை நிறுத்தினால்தான் பிரச்சினை.

ஹெபடைடிஸ் சி-க்கு இப்போது பெரும்பாலும் 12 வார மாத்திரையில் முழுக் குணம் கிடைக்கிறது. 2018 ஜூலையில் தொடங்கிய தேசிய வைரஸ் ஹெபடைடிஸ் திட்டத்தில் மருந்து இலவசம். கல்லீரல் ஏற்கெனவே சுருங்கியிருந்தால் ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஸ்கேன் தொடர வேண்டும். சாராயத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டுமா என்ன.

சொல்லாமல் மறைக்கப்படும் இடம்

எச்.பி.வி. கர்ப்பப்பை வாயில் செய்வதை ஆசனவாயிலும் செய்யும். ஆண்களோடு உறவு கொள்ளும் ஆண்களுக்கும் திருநங்கையருக்கும், அதிலும் எச்.ஐ.வி. இருந்தால், இந்த ஆபத்து பல மடங்கு. புற்றுக்கு முந்தைய மாறுதலைக் கண்டுபிடித்து அகற்றினால் ஆசனவாய்ப் புற்று 57 சதவீதம் குறைவதாக 2022இல் ஆங்கர் என்ற அமெரிக்க ஆய்வு காட்டியது. அதற்கான உருப்பெருக்கிக் கருவியும் பழகிய ஆளும் இங்கே எளிதில் கிடைப்பதில்லை. ஆனால் விரல் வைத்துப் பார்ப்பதற்கு எந்தக் கருவியும் வேண்டாம். நடைமுறையில் என்ன நடக்கிறது? ரத்தம் வந்ததும் பஸ் ஸ்டாண்டு சுவரில் ஒட்டியிருக்கும் ‘மூலம், பவுத்திரம்’ போஸ்டரில் உள்ள எண்ணுக்கு போன் போகிறது. அங்கே களிம்பிலும் சூட்டிலும் ஒரு வருடம் கழிகிறது.

வாய்ப் புற்றை இந்தப் பட்டியலில் இழுத்துப் போட வேண்டாம். நம் ஊரில் அதன் முதல் காரணம் புகையிலைதான், வைரஸ் இல்லை. வெற்றிலை கும்பகோணத்தின் பெருமை. அதோடு சேரும் புகையிலைதான் எமன்.

புற்று வந்தேவிட்டால்

‘எச்.ஐ.வி. இருக்கு, கீமோ தாங்காது’ என்று சொல்லி அனுப்பிவிடும் காலம் போயிருக்க வேண்டும். முழுசாகப் போகவில்லை. கூட்டு மருந்து எடுத்துக்கொண்டு சி.டி.4 ஓரளவு இருக்கிறவருக்கு, மற்ற நோயாளிக்குக் கொடுக்கும் அதே கீமோவையும் அதே கதிர்வீச்சையும் அதே அறுவை சிகிச்சையையும் கொடுக்கலாம் என்பதுதான் இன்றைய மருத்துவ நிலைப்பாடு. சிகிச்சைக் காலத்தில் கூட்டு மருந்தை நிறுத்தக் கூடாது. கீமோவில் சி.டி.4 இறங்கும் என்பதால் எதிர்ப்பு சக்தி குறையும்போது தாக்கும் சந்தர்ப்பவாதத் தொற்றுகளைத் தடுக்கக் கோட்ரைமாக்ஸசோல் மாத்திரையும் சேர்ப்பார்கள். டோலுடெக்ராவிர் கீமோ மருந்துகளோடு அதிகம் மோதுவதில்லை. ஆனால் முதல் கூட்டு மருந்து பலிக்காதவர்களுக்கு மாற்றித் தரும் இரண்டாம் வரிசை மருந்தில் ரிட்டோனாவிர் இருந்தால், வின்கிரிஸ்டின் போன்ற கீமோ மருந்துகள் உடம்பில் தேங்கி நரம்பைப் பாதிக்கலாம். அதனால் புற்றுநோய் டாக்டருக்குக் கூட்டு மருந்துச் சீட்டும், ஏ.ஆர்.டி. டாக்டருக்குக் கீமோச் சீட்டும் போய்ச் சேர வேண்டும். தஞ்சாவூரிலோ திருச்சியிலோ சிகிச்சை எடுத்தாலும், புதுச்சேரி ஜிப்மருக்கோ அடையாறுக்கோ போனாலும், இரண்டு சீட்டையும் ஒரே பையில் வைத்துக்கொள்வது நல்ல பழக்கம்.

மறைத்துவிட்டால் தேவலை என்று தோன்றுவது புரிகிறது. ஆனால் மருந்து மோதலை அது கண்டுபிடிக்க முடியாமல் செய்துவிடும். எச்.ஐ.வி. இருப்பதைக் காரணம் காட்டிச் சிகிச்சை மறுப்பதும், சம்மதம் இல்லாமல் அடுத்தவரிடம் நிலையைச் சொல்வதும் 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கும் எச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டப்படி தவறு. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் புற்றுநோய்ச் சிகிச்சை அடங்கும், எச்.ஐ.வி. இருப்பது அதற்குத் தடையில்லை.

தடுப்பூசி

புற்றுநோயைத் தடுப்பூசியால் தடுக்கலாம் என்று முதலில் காட்டியது தைவான். 1984இல் அங்கே பிறக்கும் குழந்தைகளுக்கு ஹெபடைடிஸ் பி ஊசி ஆரம்பித்தார்கள். சில வருடங்களில் சிறுவர்களின் கல்லீரல் புற்று குறைந்தது. இந்தியாவில் அந்த ஊசி 2011 முதல் நாடு முழுவதும் உண்டு. எச்.ஐ.வி. உள்ள பெரியவர்களும், தொற்று இல்லை என்று சோதனையில் தெரிந்தால், போட்டுக்கொள்ளலாம், போட்டுக்கொள்ள வேண்டும்.

எச்.பி.வி. ஊசியில் சீரம் நிறுவனத்தின் செர்வாவேக் 2023 முதல் சந்தையில் இருக்கிறது. 14 வயதுப் பெண்களுக்குப் படிப்படியாகப் போடப்போவதாகத் தமிழக அரசு 2025 பட்ஜெட்டில் அறிவித்தது. எச்.ஐ.வி. இல்லாத சிறுமிகளுக்கு ஒரு தவணையே போதும் என்கிற நிலைக்கு உலக சுகாதார நிறுவனம் 2022இல் வந்துவிட்டது. எச்.ஐ.வி.யோடு பிறந்த பெண் பிள்ளைக்கு அந்தக் கணக்கு பொருந்தாது: குறைந்தது இரண்டு, முடிந்தால் மூன்று தவணை. பள்ளியில் எல்லோருக்கும் போடும் ஒரு ஊசியோடு விட்டுவிடாமல், மீதித் தவணைகளுக்கு ஏ.ஆர்.டி. மையத்து டாக்டரிடமே கேட்க வேண்டும். பள்ளியில் யாரிடமும் காரணம் சொல்ல வேண்டியதில்லை. ஏற்கெனவே தங்கிவிட்ட வைரஸை ஊசி வெளியேற்றாது. இந்தியாவில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுகளில் ஐந்தில் நான்குக்குக் காரணமான 16, 18 வகைகளை அது தடுக்கும், மற்ற எல்லா வகைகளையும் அல்ல. அதனால் ஊசி போட்ட பிள்ளைக்கும் 25 வயது வந்ததும் சோதனை உண்டு.